திறந்து பார்த்தவை

அவர் எந்தக் கேள்வியையும் ஒரு முறைதான் கேட்பார். பதில் வந்ததும் நம்பிவிடுவார். பழகிய புதிதில் இதை அவருடைய பலவீனம் என்று நினைத்தேன். பிறகு எனக்கு ஒரு வசதி என்று நினைத்தேன். இரண்டையும் அந்தந்த நாளில் நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் வரும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் அவர் வேலை பார்த்தார். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. முதல் மாடியில் கணினிகள் வரிசையாக இருக்கும் அறையில், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கட்டுரைகள் தேட உதவுவது அவர் பொறுப்பு. வயது முப்பத்து மூன்றோ நான்கோ இருக்கும். சொந்த ஊர் ஜவளகிரிப் பக்கம், வீட்டில் கன்னடம். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆச்சரியம் வந்தால் மட்டும், அப்படியா என்பதற்குக் கன்னடத்தில், "ஹௌதா?" என்று கண்ணை அகல விரிப்பார். பெயரை எழுதப்போவதில்லை. ஓசூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

அந்த வேலை இப்போது அவரிடம் இல்லை. காரணம் நான்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். கோவில்பட்டியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளும் ஆசையில் அதே பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தேன். ஷிப்டை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள் என்பதற்கும் தொழிற்சாலை விபத்துகளுக்கும் உள்ள தொடர்பு என் தலைப்பு. வாரம் ஒரு முறை மாற்றுவதுதான் நல்லது என்பது என் கட்சி. இருபத்திரண்டு வருடமாக நானே அப்படித்தான் மாறி மாறி வேலைக்குப் போயிருக்கிறேன். ஒரு விரலும் போகவில்லை. அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

முதல் சனிக்கிழமை, நூலகத்தின் தேடல் பெட்டியில் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டினேன். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வாரம் ஒரு முறை ஷிப்ட் மாற்றுவது தொழிலாளர்களுக்கு நல்லதா என்பதை அப்படியே ஆங்கிலத்தில். முடிவு: பூஜ்யம். கேள்விக்குறியை எடுத்துவிட்டு மறுபடி தட்டினேன். பூஜ்யம்.

பின்னால் நின்றிருந்த அவர் சிரித்துவிட்டார். "சார், அது உண்டியல் இல்லீங்க, வேண்டுதல முழுசா எழுதிப் போட."

"பின்ன எப்படிக் கேக்கணும் மேடம்?"

"கேக்கவே வேணாம். கட்டுரை எழுதுனவங்க என்ன வார்த்தை போட்டிருப்பாங்களோ அதப் போடுங்க. அவங்களுக்கு ஓசூரும் தெரியாது, உங்களையும் தெரியாது."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் கேள்வியை மூன்றாக வெட்டினார். ஷிப்ட் ஒரு பக்கம், வாரம் ஒரு பக்கம், விபத்து ஒரு பக்கம். ஒவ்வொன்றின் கீழும் அதற்கு உள்ள மற்றப் பெயர்களை எழுதச் சொன்னார். விபத்தின் கீழே நான் காயம், அசம்பாவிதம் என்று எழுதிவிட்டு 'நியர் மிஸ்' என்றும் எழுதினேன். அடிபடாமல் மயிரிழையில் தப்பித்ததற்கு எங்கள் கம்பெனிப் பதிவேட்டில் அதுதான் பெயர்.

"ஹௌதா? அதுக்கும் ஒரு பேரு இருக்கா?" என்று தன்னுடைய சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று காட்டிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

சேர்ந்தே வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டோம். ஒரே பொருளுள்ள சொற்களுக்கு நடுவில் 'அல்லது' போட்டோம். பூஜ்யம் நாற்பதாயிரமாயிற்று. இடது பக்கத்தில் இருக்கும் கட்டங்களில் முழுக் கட்டுரை கிடைப்பவை மட்டும், துறை அறிஞர்கள் பரிசீலித்தவை மட்டும், கடந்த பதினைந்து ஆண்டுகள் மட்டும் என்று ஒவ்வொன்றாக டிக் செய்தோம். கடைசியில் நாற்பத்தொன்று நின்றது.

"நாப்பத்தொண்ணுன்னா மனுசன் படிச்சு முடிக்கலாம்" என்றார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் எழுந்து போனதும் அடுத்தவர் உட்காரும் முன் கணினியின் திரையைச் சுத்தம் செய்வார். துணியால் இல்லை. முந்தினவர் தேடியது பெட்டியில் அப்படியே இருக்குமே, அதை அழிப்பார். அழிக்கும்போது திரையைப் பார்க்கமாட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு விரலால் மட்டும் அழிப்பார். அடுத்தவர் வீட்டு அறையில் யாரோ உடை மாற்றிக்கொண்டிருப்பதுபோல.

எங்கள் துறையிலேயே இன்னொருவர் கிட்டத்தட்ட என் தலைப்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் எதையெல்லாம் எடுத்திருக்கிறார் என்று ஒரு நாள் சும்மா கேட்பதுபோல இவரிடம் கேட்டேன்.

"அது அவருக்கும் பொட்டிக்கும் நடுவுல சார்."

"ரகசியமா என்ன? எல்லாம் பொதுக் கட்டுரைதானங்க."

"கட்டுரை பொது. தேடுறது அவரோடது. நாளைக்கு அவரு வந்து உங்களப் பத்திக் கேட்டா சொல்லட்டுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அன்றைய நாட்குறிப்பில் 'நூலக மேடத்துக்குக் கொஞ்சம் தலைக்கனம்' என்று இருக்கிறது.

தேடல் சீட்டு என்ற ஒன்றை அந்த நூலகத்தில் கொண்டுவந்தவர் அவர்தான். அரைப் பக்கத் தாள். என்ன சொற்கள் போட்டோம், எந்தக் கட்டங்களை டிக் செய்தோம், எத்தனை வந்தது என்று மேலே எழுத வேண்டும். அதன் கீழே 'திறந்து பார்த்தவை' என்று ஒரு பெரிய கட்டம். திரையில் தலைப்பை மட்டும் பார்த்தது அதில் வரக்கூடாது; கட்டுரையைத் திறந்து படித்தது மட்டும்தான் வரவேண்டும். அடியில் வாசகர் கையெழுத்து, அதற்கும் அடியில் அவருடைய கையெழுத்து. எங்கள் துறைத் தலைவருக்கு அந்தச் சீட்டு பிடித்துப்போய், ஆய்வேட்டின் பின்னால் அதைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கையெழுத்துப் போடும் முன் அவர் கேட்பார்: "எல்லாம் திறந்து பாத்தீங்களா?" ஆமாம் என்றால் போடுவார். அவ்வளவுதான்.

தரக்கட்டுப்பாட்டில் இருக்கிற எனக்கு இது பொறுக்கவில்லை. "எங்க கம்பெனில நீங்க ஒரு வாரம் தாங்கமாட்டீங்க மேடம்" என்றேன். "ஆபரேட்டர் அளவு சரியா இருக்குன்னு சொல்லுவான். நான் கேஜ வச்சு அளந்து பாக்காம கையெழுத்துப் போட்டேன்னா லாட்டு மொத்தமும் திரும்பி வந்துரும்."

"இரும்புக்கு வாயில்ல சார், அதான் கேஜ் வச்சுப் பாக்கறீங்க. மனுசங்க பதில் சொல்றாங்களே."

"பொய் சொன்னா?"

"ஒரு தடவ கேப்பேன். ரெண்டாவது தடவ கேட்டா, மொதல்ல சொன்னத நம்பலேன்னு ஆயிரும். அப்புறம் அவங்க எப்படி இங்க வந்து உக்காருவாங்க?"

இந்தக் கொள்கை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று நானே பார்த்தேன். ஒரு விரிவுரையாளர் ஒரு தடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார், ஏட்டில் வரவில்லை. "குடுத்துட்டீங்களா மேடம்?" என்று இவர் கேட்டார். "குடுத்தாச்சு" என்றார் விரிவுரையாளர். அவ்வளவுதான், அந்த நிமிடத்திலிருந்து புத்தகம் நூலகத்துக்குள்தான் இருக்கிறது என்று இவருக்கு முடிவாகிவிட்டது. மூன்று நாள் அலமாரி அலமாரியாக, ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு தட்டின் பின்பக்கமும் கைவிட்டுத் தேடினார். தலையெல்லாம் தூசி. நான்காம் நாள் விரிவுரையாளர் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்ததாக எடுத்துவந்து, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கெடச்சிருச்சா! நல்லதாப் போச்சு" என்று இவர் மனதார மகிழ்ந்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஒருவர் நம்மை நம்பிவிட்டு அதற்காக மூன்று நாள் தூசி தின்பதைப் பார்ப்பதைவிட, நேரே திட்டு வாங்கிவிடுவது எளிது. அந்த விரிவுரையாளரைப் பற்றி அன்று நான் கேவலமாக நினைத்தேன்.

பிறகு அந்த மழைச் சனிக்கிழமை. இரண்டு மணிக்கு நூலகத்துக்குப் போனேன். என் நெறியாளர் அறுபது மேற்கோள் கட்டுரைகளாவது வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஐம்பத்து மூன்று ஆகியிருந்தது. அவை அனைத்தையும் படித்திருந்தேன், குறிப்பும் எடுத்திருந்தேன். இன்னும் ஏழு. தேடல் பெட்டி ஒரு பட்டியலைக் கொடுத்தது. ஒவ்வொரு தலைப்பின் கீழும் சுருக்கத்திலிருந்து இரண்டு வரி தெரியும், பிறகு மூன்று புள்ளி. மேலே போக வேண்டுமானால் திறக்க வேண்டும். ஒரு கட்டுரையின் இரண்டு வரியில், வாரம் ஒரு முறை ஷிப்ட் மாற்றினால் உடல் பழகிக்கொள்ளும், விபத்து குறையும் என்று இருந்தது. என் கட்சி. மூன்று புள்ளி. நான் திறக்கவில்லை. பக்கத்திலேயே மேற்கோளைத் தானே வடிவமைத்துத் தரும் பொத்தான் இருந்தது. அதை அழுத்தி ஆய்வேட்டில் ஒட்டினேன். இப்படியே ஏழு. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே மழை விடாததால் கீழே போய் நாளிதழ்களைப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, நாலரை மணிக்குச் சீட்டை நீட்டினேன்.

"எல்லாம் திறந்து பாத்தீங்களா சார்?"

"ஆமா மேடம், பாத்தாச்சு."

போட்டார். "முடிஞ்சுதா சார்? அப்போ அடுத்து டாக்டர் சார்னுதான் கூப்பிடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதினேன்: 'ஏழு கட்டுரைகளைத் திறக்கவில்லை. திறந்ததாகச் சொன்னேன்.' நான் நாட்குறிப்பில் பொய் எழுதுவதில்லை. வெளியே பொய் சொல்லிவிட்டு வீட்டில் உண்மையை எழுதி மூடிவைப்பதை நேர்மை என்று எத்தனையோ வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியை, என் ஆய்வேட்டின் நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் கட்டுரைய முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டார். படித்தேன் என்றேன்.

"அப்போ மூணாவது வரி என்ன சொல்லுது?"

அவரே சொன்னார். வாரம் ஒரு முறை மாற்றினால் விபத்து குறையும் என்று பொதுவாக நம்புகிறார்கள் என்பது முதல் இரண்டு வரி. எங்கள் ஆய்வு அதற்கு நேர்மாறாகக் காட்டுகிறது என்பது மூன்றாவது வரி. என் கட்சியை உடைக்கிற கட்டுரையை நான் என் கட்சிக்கு முதல் சாட்சியாக நிறுத்தியிருந்தேன்.

அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "லைப்ரரில எடுத்துக் குடுத்தது மேடம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் துறைத் தலைவர் அறையில் விசாரணை. தலைவரும், தலைமை நூலகரும், என் நெறியாளரும், நானும், சீட்டில் கையெழுத்துப் போட்ட அவரும். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. புதுப்பிக்க வேண்டிய தாள் துறைத் தலைவரின் மேசையிலேயே இருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது.

"கையெழுத்து ஒன்னோடதுதானேம்மா?" என்றார் தலைவர்.

"என்னோடதுதான் சார். சாரக் கேட்டேன். திறந்து பாத்தேன்னாரு. போட்டேன்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அவங்க எடுத்துக் குடுத்ததத்தான் சார் நான் போட்டேன்" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது.

"ஆளுக்கொண்ணு சொன்னா எப்படி? கம்ப்யூட்டர்ல தெரியாதா?"

தலைமை நூலகர் சொன்னார்: "தெரியும் சார். இவர் லாகின்ல எதத் தேடுனாரு, எதத் திறந்தாருன்னு பதிவாகும். ஆனா வாசகர் சம்மதிக்கணும். இல்லேன்னா துணைவேந்தர்கிட்ட எழுதி வாங்கணும். இந்தப் பொண்ணுதான் அந்த விதிய எழுதவெச்சுது."

துணைவேந்தர் வரை போக யாருக்கும் விருப்பமில்லை. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கணினி அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"சார், திறந்து காட்டட்டுமா?"

ஒரு தலையசைப்பு போதும். அவர் வேலை பிழைக்கும்; என் பட்டம் போகும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அதெல்லாம் எதுக்கு சார்" என்றேன், தலைவரைப் பார்த்து. "பாவம், அவங்களுக்கு வேல ஜாஸ்தி. எங்கியோ தப்பு நடந்திருக்கும். நான் அந்தக் கட்டுரைய எடுத்துட்டு, திருத்திக் குடுத்துர்றேன். இதோட விட்ருவோம்."

"பெருந்தன்மையான ஆளுய்யா நீர்" என்றார் தலைவர்.

திறந்து காட்டட்டுமா என்று அவர் மறுபடி கேட்கவில்லை. "சரிங்க சார்" என்று எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். மேசையில் இருந்த தாளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. மாதம் முடிந்தது.

எனக்கு ஆறு மாதத்தில் பட்டம் வந்தது. கம்பெனியில் கேக் வெட்டினார்கள். பெயர்ப்பலகை மாற்றினார்கள்.

அவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது என்று எழுத ஆசை. உண்மையில் ஒரே நாளில் தெரிந்தது. போகத்தான் இரண்டு வருடம் ஆனது. ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. விண்ணப்பம் நிரப்பித் தருவது, பர்மிட் பிரிண்ட் எடுத்துத் தருவது எல்லாம் அங்கேதான். உள்ளே கணினி முன்னால் அவர் இருந்தார். ஒரு டிரைவரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டு, பதிலை அப்படியே தட்டிக்கொண்டிருந்தார்.

"அடடே, சார்! வாங்க, உக்காருங்க" என்றார். அந்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். துணைவேந்தருக்கு நான் எழுதிய கடிதம். அவர் என்னிடம் கேட்டது, நான் பொய் சொன்னது, விசாரணையில் நடந்தது எல்லாம் வரிசையாக, ஒன்றரைப் பக்கம். தேவையானால் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசி வரி.

நின்றபடியே முழுவதும் படித்தார். டிரைவர் காத்திருந்தார்.

"சார், இங்க 'அவசரத்தில் திறந்து பார்க்கத் தவறினேன்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"அன்னிக்கு மழ. ரெண்டு மணிக்கு வந்தீங்க. இருபது நிமிசத்துல எந்திரிச்சுக் கீழ போயிட்டீங்க. நாலரை வரைக்கும் பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. அவசரம் எங்க இருந்துச்சு?"

அவர் சொன்ன நேரங்கள் என் நாட்குறிப்பிலும் அப்படியே இருக்கின்றன.

"நீங்க அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். எனக்காக அனுப்ப வேணாம். அந்த வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு. ஆனா என்னப் பத்தி எழுதியிருக்கிற தாள்ல இல்லாதது இருக்கக்கூடாது" என்று பேனாவை நீட்டினார்.

கடை மேசையில் தாளை வைத்து 'அவசரத்தில்' என்பதை அடித்தேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. அலட்சியத்தில் என்று போடலாமா என்று நினைத்தேன், அதுவும் இல்லை. அந்த மூன்று புள்ளிக்கு அப்பால் எனக்கு எதிராக ஏதாவது இருக்கலாம் என்று அன்றைக்கே தோன்றியது. தோன்றியதால்தான் திறக்கவில்லை. இதை நாட்குறிப்பில்கூட நான் எழுதியதில்லை. "சார், லேட்டாகுது" என்று டிரைவர் குரல் கொடுத்தார். 'தெரிந்தே' என்று எழுதினேன். அதற்குப் பின்னால் 'பார்க்கத் தவறினேன்' பொருந்தவில்லை. அதையும் அடித்துவிட்டு 'பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

வாங்கிப் படித்துப் பார்த்தார். "ம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டி எண்ணைச் சொல்லும்படி கேட்டு டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய கடிதம் அப்படியே இருந்திருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன். அந்த ஒரு சொல் வந்த பிறகு முடியவில்லை. வீட்டில் சுத்தமாகப் படியெடுத்து, உறையில் போட்டு, முகவரி எழுதி, ஒட்டி வைத்தேன். அதன் பின் பதினொரு நாட்களின் பக்கங்களில் மற்ற எல்லாவற்றுக்கும் கடைசியில் 'அனுப்பவில்லை' என்று இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். காலை பத்து நாற்பது. தபால் அலுவலகத்தில் அனுப்புநர் பெயரை எழுதும்போது, இரண்டு வருடப் பழக்கத்தில், முனைவர் என்றுதான் கை தொடங்கியது.